தென்னைக்குள் கோகோ: கடலூர், சிதம்பரம் விவசாயிகள் நடுமுன் பார்க்க வேண்டியவை

சாக்லேட்டின் மூலப்பொருளான கோகோ 2024-ல் உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. கேரளாவில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாய்க்கு மேல் போனது. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் பருவம் தவறிய மழையாலும் நோயாலும் விளைச்சல் விழுந்ததே காரணம். 2025 முடிவதற்குள் அந்த விலை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. நட்டு மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும் பயிரை இன்றைய விலையைப் பார்த்து நடுவது சரியல்ல.

இந்த ஏற்ற இறக்கம் புதிதும் அல்ல. 1948-ல் இந்தியாவுக்கு வந்த காட்பரி நிறுவனம், 1965-ல் வயநாட்டில் கோகோ சாகுபடியைத் தொடங்கியது. கேரளாவிலும் தென் கர்நாடகத்திலும் பாக்கு, தென்னைக்குள் கோகோ பரவியது. 1980-களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது கொட்டையை வாங்க ஆளில்லாமல் பலர் மரங்களை வெட்டினார்கள். அப்போது மங்களூரில் இயங்கிய பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான கேம்ப்கோ கொள்முதலில் இறங்கியது. 1986-ல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே தொடங்கியது. விவசாயிகளின் கூட்டுறவு நடத்தும் சாக்லேட் பிராண்ட் என்பதால் கேம்ப்கோவின் கதை நமக்கு முக்கியம். வாங்குபவர் ஒருவர் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அது காட்டுகிறது.

யார் வாங்குவார்கள்?

தமிழகத்தில் கோகோ அதிகம் உள்ள இடம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதி. அங்கே தோப்புகள் நெருக்கமாக இருப்பதால் கொள்முதல் செய்பவர்கள் தேடி வருகிறார்கள். ‘சோக்லெட்’ என்ற பிராண்ட் அங்குள்ள சொந்தத் தோட்டத்துக் கொட்டையிலேயே சாக்லேட் செய்கிறது. கடலூருக்கு அருகில் என்றால் ஆரோவில்லில் உள்ள ‘மேசன் அண்டு கோ’. சென்னையில் ‘கோகோட்ரெயிட்’, கொச்சியில் ‘பால் அண்டு மைக்’ இருக்கின்றன. கொட்டையிலிருந்தே சாக்லேட் தயாரிக்கும் இத்தகைய சிறு நிறுவனங்கள் அளவைவிடத் தரத்தையே பார்க்கும். புளிக்கவைப்பதில் கோட்டைவிட்ட கொட்டையை அவை தொடாது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல மிட்டாய்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும், நம் ஊர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். உறையில் ‘தாவரக் கொழுப்பு’ என்று முதலில் எழுதியிருந்தால், அந்த மிட்டாயின் விலைக்கும் கோகோ விவசாயிக்கும் தொடர்பு குறைவு.

நம் மண்ணில் வருமா?

கோகோ நிழல் விரும்பும் மரம். ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல் வயல்களின் களிமண்ணில், ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிற்கும் இடங்களில் நட வேண்டாம். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் உப்பேறிய நிலமும் ஆகாது. கடலூர், பண்ருட்டிப் பகுதியில் வடிகால் நன்றாக உள்ள செம்மண் நிலத்தில், பாசன வசதியோடு வளர்ந்த தென்னந்தோப்பு இருந்தால் முயலலாம். மானாவாரி முந்திரிக் கொல்லையில் சரிவராது. தேயிலைக் கொசு முந்திரி, கோகோ இரண்டையும் தாக்கும் என்பதால் முந்திரிக்கு அருகில் நடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

2011 டிசம்பரில் தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் எப்படிச் சாய்த்தது என்பது தெரிந்ததே. தென்னை விழுந்தால் அதன் நிழலில் நிற்கும் கோகோவும் வெயிலில் காயும். எனவே முதலில் 50 செடி போதும், முழுத் தோப்பிலும் இறங்க வேண்டாம்.

நடவும் பராமரிப்பும்

25 அடி இடைவெளியுள்ள தென்னை வரிசைகளுக்கு நடுவே 10 அடிக்கு ஒரு செடி நடலாம். கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தேவை. வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 140 கிராம் சாம்பல் சத்தை இரண்டாகப் பிரித்து இட வேண்டும். இது தென்னைக்கு இடும் உரத்தில் சேராது. தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை அவ்வப்போது நீக்கி, மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கவும். மழைக்காலத்தில் காய் கறுத்து அழுகினால் அதை அகற்றிவிட்டு 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கவும். எலி, அணில் தொல்லைக்குச் சிறந்த வழி, பழுத்த காயை மரத்தில் விடாமல் பறிப்பதுதான்.

விலையைத் தீர்மானிப்பது புளிப்பு

காயைக் கத்தியால் வெட்டாமல் மரக்கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். கத்தி பட்ட கொட்டையில் பூஞ்சணம் ஏறும். வெள்ளைச் சதையோடு கொட்டைகளைக் கூடையிலோ மரப்பெட்டியிலோ குவித்து, வாழை இலையால் மூட வேண்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட வேண்டும். குவியலின் உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல் ஏறும். இந்தச் சூட்டில் முளைக்கரு செத்து, கசப்பு குறைந்த பிறகுதான் சாக்லேட் மணத்துக்கு அடித்தளம் கிடைக்கிறது. ஒன்றிரண்டு மரத்துக் காயை வைத்துச் செய்தால் குவியல் சூடேறாது. சிறு அளவில் நட்டவர்கள் பக்கத்துத் தோப்போடு சேர்ந்து புளிக்கவைப்பது நல்லது.

ஏழாம் நாள் எடுத்து, ஈரப்பதம் 6 முதல் 7 சதவீதம் ஆகும்வரை உலர்த்த வேண்டும். நம் மாவட்டத்தில் இதுவே பெரிய இடைஞ்சல். ஆண்டின் இரண்டு அறுவடைகளில் ஒன்று வடகிழக்குப் பருவமழையோடு மோதும். பாலித்தீன் கூரையிட்ட சூரிய உலர்த்தி இல்லாமல் அந்த அறுவடையைத் தேற்றுவது கடினம். உலர்த்தி அமைக்க வசதி இல்லாதவர்கள் ஈரக் கொட்டையாகவே விற்கலாம், ஆனால் விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கிடைக்கும்.

விற்குமுன் சில கொட்டைகளை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பாக வெடிப்போடு இருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதாவாக இருந்தால் அரைகுறை. சிலேட்டுபோலச் சாம்பல் நிறமாக இருந்தால் புளிக்கவே இல்லை. வாங்க வருபவரும் இதையே செய்து பார்ப்பார்.

கன்றுக்கும் மானியத்துக்கும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். கோகோவுக்கான மத்திய இயக்குநரகம் கொச்சியில் உள்ளது. முந்திரிக்கும் அதுவே என்பதால், பண்ருட்டிக்காரர்கள் பலருக்கு அது ஏற்கெனவே தெரிந்த அலுவலகம்தான்.