செப்புக்குள் மூன்று காசு

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனவன், தீபத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே ஊர் திரும்பியிருக்க வேண்டும். பெரியம்மா விடவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, மஞ்சள் துணியில் முடிந்திருந்த ஒரு மரச் செப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கதை எழுதுகிறவன்தானே நீ? இது என்ன கதை என்று சொல்லு, பார்ப்போம்."

உள்ளே மூன்று பொற்காசுகள் இருந்தன. ஒன்று பெரியது, மற்ற இரண்டும் சட்டைப் பொத்தான் அளவு. பெரியதை மூத்தவளுக்கும், சிறியவை இரண்டையும் இளையவளுக்கும் கொடுப்பதாகப் பெரியம்மா தீர்மானித்திருந்தாள். இளைய மாப்பிள்ளை நிறுத்துப் பார்த்திருக்கிறார். பெரியது 8 கிராம்; சிறியவை இரண்டும் சேர்ந்து 6.8 கிராம். அந்த ஒன்றே கால் கிராமுக்காக ஒரு மாதமாய் அக்கா தங்கைக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஆசாரி ஒருவர் சுலபமான வழி சொல்லியிருந்தார்: மூன்றையும் உருக்கிச் சரிபாதியாய்ப் பிரித்துவிடலாமாம்!

நல்ல வேளை, செப்பு என் கைக்கு வந்தது.

பெரிய காசில் குதிரை வீரன் ஒருவன் பறவை நாகத்தை வதைத்துக்கொண்டிருந்தான். இங்கிலாந்துப் பவுன். 22 காரட், எடை 8 கிராமுக்கு மிகச் சிறிதளவே குறைவு. நாம் இன்றும் நகைக் கடையில் 8 கிராமைப் 'பவுன்' என்கிறோமே, அந்தப் பெயரே இந்தக் காசு தந்ததுதான். பம்பாயில் கூட 1918-ல் இதை அடித்தார்கள். குதிரையின் காலடித் தரையில் 'ஐ' என்ற சிறு ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. சாதாரண வருஷத்துப் பவுனுக்குத் தங்க விலையை ஒட்டித்தான் மதிப்பு.

சிறியவற்றில் ஒன்றின் ஒரு பக்கம் முழுவதும் மணல் தூவியது போன்ற புள்ளிகள், நடுவே நட்சத்திரம். மறுபக்கம் விஷ்ணு. சென்னையில் கும்பெனியார் வெளியிட்ட நட்சத்திர வராகன் அது. எடை 3.4 கிராம். சுமார் 19 காரட்தான்; ஆனாலும் மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று அந்தக் காலத்தில் கணக்கு. 1818-ல் ரூபாய்க் கணக்கு வந்ததும் வராகனின் ராஜ்யம் முடிந்தது.

மூன்றாவது காசைத் திருப்பினேன். கை சற்று நடுங்கியது. உட்கார்ந்த கோலத்தில் ஒரு குழந்தை. பாலகிருஷ்ணன் என்று பலரும் கொள்ளும் உருவம். பின்புறம் நாகரி எழுத்தில் மூன்று வரிகள்: ஸ்ரீ பிரதாப கிருஷ்ணராய. இதே ஊரில் பதினொரு நிலை ராஜகோபுரத்தைத் தொடங்கி வைத்த மகராஜனின் காசு! கோபுரத்தைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். காசு மட்டும் எத்தனையோ கை மாறி, ஐந்நூறு வருஷம் கழித்துப் பெரியம்மாவின் அடுக்களைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படித் தப்பியது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலிக்கும் கர்னல் ஸ்மித்துக்கும் இந்த ஊரருகே பெரும் சண்டை நடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஜனங்கள் பொன்னைப் புதைப்பதும் ஒளிப்பதும் இயல்புதானே? 2025 நவம்பரில் இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலைக் கோவிலூரில், சிவன் கோயில் திருப்பணியின்போது நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. 2020-ல் திருவானைக்காவலில் கிடைத்தவை 505 காசுகள். மொத்த எடை 1,716 கிராம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 3.4 கிராம் வரும். வராகனின் எடையேதான்! எடை என்பது காசின் ஜாதகம்.

மண்ணில் கிடைத்த புதையலானால் 1878-ம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பரம்பரைச் சொத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் வருஷச் சட்டம் இடம் தராது.

"சரி, எதுக்கு விலை அதிகம்?" என்றாள் பெரியம்மா.

தர்மசங்கடமான கேள்வி. ராயர் காசு அசலாக இருந்தால், எடையில் குறைந்தாலும் அதன் பொன் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள் என்றேன். காசு மாலைக்காக வார்த்த போலிகளும் உண்டு. வார்ப்பில் நுண்குழிகளும் விளிம்பில் இணைப்புக் கோடும் தெரியும். ஆகையால் எழும்பூர் அருங்காட்சியகத்துக் காசுகளோடு ஒப்பிட்டு, விஷயம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்ட வேண்டும். அதுவரை புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. உரைகல்லில் உரசக் கூடாது. வளையம் பற்றவைக்கவே கூடாது.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். இளையவள் தலை குனிந்தாள்.

"எனக்குப் பவுனே போதும் அம்மா, கடனுக்கு ஆகும். ராயர் காசை மட்டும் யாரும் விற்க வேண்டாம்" என்றாள் மூத்தவள்.

ஒன்றே கால் கிராம் வழக்கு அதோடு தீர்ந்தது.

நான் புறப்படும்போது பெரியம்மா ஒரு காகிதம் கொண்டு வந்தாள். அந்தச் செப்பு தன் மாமியாரிடமிருந்து வந்தது, அவருக்கு அவர் தாயார் தந்தது என்று சொல்லச் சொல்ல எழுதி, காசோடு வைத்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே நீங்களும் ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்துவிடுங்கள்.