ஒரு வாக்கியத்துக்கு உரை

நாடாளுமன்றம் 2001-இல் இயற்றிய எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, சட்டத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கிறது. அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் அதன் பொருள் இது:

எரிசக்தித் தணிக்கை என்பது எரிசக்தியின் பயன்பாட்டைச் சரிபார்த்தல், கண்காணித்தல், பகுத்தாய்தல். எரிசக்தித் திறனை மேம்படுத்துவதற்கான பரிந்துரைகள், அவற்றின் செலவு–பயன் கணக்கு, நுகர்வைக் குறைப்பதற்கான செயல்திட்டம் ஆகியவை கொண்ட தொழில்நுட்ப அறிக்கையை அளிப்பதும் இதில் அடங்கும்.

இந்த வாக்கியம் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதல்ல. சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை இரும்பு, உரம், அலுமினியம், சிமென்ட் போன்ற பெருந்தொழில்கள். பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரிலிருந்து கிழக்கே அரியலூர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் வரிசையாக வரும். ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தியைச் செலவழிக்கும் சிமென்ட் ஆலை சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்துவிடும். அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு அது தணிக்கை செய்தாக வேண்டும். பெரம்பலூர்–துறையூர் சாலையில் உள்ள ஒரு பேரூராட்சிப் பள்ளிக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஆலைக்குச் சொன்ன அதே வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சொல்லும் குறைக்காமல் செய்து முடிக்கலாம். குரும்பலூர்ப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியை மனதில் வைத்துக்கொண்டு இந்த உரையை எழுதுகிறேன். கணக்குக்காகப் போட்டிருக்கும் எண்களுக்குப் பதிலாக அந்தந்தப் பள்ளி தன் எண்களைப் போட்டுக்கொள்ளட்டும்.

மாணவர் தணிக்கை நம் நாட்டுக்குப் புதிதல்ல. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் காற்று, எரிசக்தி, உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு துறைகளில் மாணவர்களே தங்கள் பள்ளியைத் தணிக்கை செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே ஒருங்கிணைத்துவந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் எரிசக்திதான் மையக் கருப்பொருள். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளும் மாநாடு அது.

‘எரிசக்தியின் பயன்பாட்டை’

கருவிகளை எண்ணச் சொல்லவில்லை, பயன்பாட்டைப் பார்க்கச் சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் தணிக்கை என்றால் எத்தனை ஃபேன், எத்தனை டியூப் லைட் என்று எழுதி ஒரு சார்ட்டில் ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அது இருப்புப் பட்டியல்தான். வாட்டை மணி நேரத்தால் பெருக்கும்போதுதான் பயன்பாடு வரும். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே முதல் நாள் முதலே பட்டியலில் ‘எத்தனை மணி நேரம்’ என்ற கட்டம் இருக்க வேண்டும். அதைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து ஊகித்து எழுத முடியாது. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத்தான் தெரியும், விளையாட்டுப் பாடவேளையில் யாரும் இல்லாத அறையில் நான்கு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்ததா என்று. வெளியிலிருந்து வரும் எந்தத் தணிக்கையாளருக்கும் கிடைக்காத சாட்சி இது.

‘சரிபார்த்தல்’

எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் அளந்து பார்ப்பது. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை, மின்வாரியத்தின் மீட்டரே போதும். மீட்டர் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொண்டால், இரண்டு மினுக்கலுக்கு இடையிலான விநாடியால் 1,125-ஐ வகுத்தால் அந்த நொடியில் பள்ளி இழுக்கும் வாட் வந்துவிடும். எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 1,125-க்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சனிக்கிழமை எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒரே ஓர் அறையின் நான்கு ஃபேன்களை மட்டும் முழு வேகத்தில் போடுங்கள். ஃபேனில் 75 வாட் என்று எழுதியிருந்தால் மொத்தம் 300 வாட். பத்துத் துடிப்புக்கு முப்பத்தேழரை விநாடி ஆக வேண்டும். முப்பது விநாடியிலேயே பத்தும் துடித்துவிட்டால் அந்த அறை 375 வாட் இழுக்கிறது. காரணத்தைத் தேட வேண்டும்: காயில் மாற்றிக் கட்டிய பழைய ஃபேனாக இருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு பிளக்காகவும் இருக்கலாம். எட்டாம் வகுப்பு இயற்பியலும் கைக்கடிகாரமும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: மீட்டரைப் பார்க்கலாம், ஸ்விட்சைப் போடலாம், பெட்டியைத் திறப்பதோ ஒயரைத் தொடுவதோ மாணவர் வேலை இல்லை.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குமானால் அங்கேதான் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிடிக்கும். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. கணினியை அணைத்தாலும் யூபிஎஸ் விழித்திருக்கும். ரூட்டர், கேமரா, புரொஜெக்டரின் காத்திருப்பு விளக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும். 100 வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 876 யூனிட். கேமரா ஓடத்தான் வேண்டும். மற்றவற்றில் எது மே மாத விடுமுறையிலும் ஓட வேண்டும் என்று கேட்கிற உரிமை தணிக்கை செய்பவர்களுக்கு உண்டு.

‘கண்காணித்தல்’

ஒரு நாள் அளந்தது சரிபார்த்தல் என்றால், நாள்தோறும் அளப்பது கண்காணித்தல். காலை வழிபாட்டுக்கு முன் ஒரு ரீடிங், கடைசி மணி அடித்ததும் ஒரு ரீடிங். இந்த இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவந்தாலே பள்ளி நேரச் செலவு தனியாகவும், இரவு–விடுமுறைச் செலவு தனியாகவும் பிரிந்துவிடும். மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். வோல்ட், ஆம்பியர், தேதி எல்லாம் வந்து போகும். கிலோவாட் அவர் குறியோடு வருவதைத்தான் எழுத வேண்டும். பள்ளிக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம்.

நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்த நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு கட்டம், மோட்டார். பெரம்பலூர் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் மாவட்டம். 2 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் சுமார் 2 கிலோவாட் இழுக்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிய வழிய அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் ஒரு யூனிட் போயிற்று. அது ஒரு வகுப்பறையில் இரண்டு ஃபேன்கள் காலை முதல் மாலை வரை சுற்றுவதற்கான மின்சாரம். அதோடு நிலத்தடி நீரும் போகிறது. ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளை வியர்க்க வைப்பதற்கு முன் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

‘பகுத்தாய்தல்’

நோட்டில் உள்ள எண்களை எடுத்து எது பெரியது, எது சிறியது என்று பிரிப்பது. டியூப் லைட்டைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும், எல்இடி 20 வாட்டில் அதே வெளிச்சம் தரும். ஆனால் பகலில் நடக்கும் பள்ளியில் விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தால் அதிகம். நாள் முழுக்க ஓடுவது ஃபேன். பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அவ்வளவாகக் குறையாது, மிச்சம் அந்தப் பெட்டியில் சூடாகப் போகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த இழப்பு இல்லை. மணி நேரக் கட்டத்தை முதலிலேயே போட்டவர்களுக்கு இதெல்லாம் நோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

‘எரிசக்தித் திறனை மேம்படுத்துவதற்கான பரிந்துரைகள்’

இந்த வாக்கியத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. இங்கே சட்டம் கேட்பது திறனை உயர்த்துவதை. அறுபது பிள்ளைகள் உட்காரும் அறையில் இரண்டே ஃபேன் இருந்தால், ‘இன்னும் இரண்டு ஃபேன் வேண்டும்’ என்பதும் நேர்மையான தணிக்கைப் பரிந்துரைதான். பங்குனி வெயிலில் ஃபேனை அணைத்து யூனிட்டைக் குறைத்துக் காட்டும் பள்ளி எதையும் சேமிக்கவில்லை, பிள்ளைகளின் படிப்பைச் செலவழித்திருக்கிறது.

திறன் என்பது ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பது. எரிசக்தித் திறன் பணியகம் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரையை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது இதை அளந்து சொல்லத்தான். பிஎல்டிசி வகை ஃபேன் சுமார் 30 வாட்டில் பழைய 75 வாட் ஃபேனின் காற்றைத் தரும். பழைய இரண்டு ஃபேனுக்குப் பதிலாக இந்த வகையில் நான்கு மாட்டினாலும் 120 வாட்தான், முன்பைவிட 30 வாட் குறைவு. ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்துவது, சுவருக்கு வெளிர் நிறச் சுண்ணாம்பு அடிப்பது, வரிசைக்கொரு ஸ்விட்சாகப் பிரிப்பது ஆகியவையும் இந்தத் தலைப்பில் அடங்கும்.

‘செலவு–பயன் கணக்கு’

பிள்ளைகளின் அறிக்கைகளில் எப்போதும் விடுபடுவது இதுதான். ஒரு ஃபேனை மாற்றினால் 45 வாட் மிச்சம். நாளைக்கு ஆறரை மணி நேரம், ஆண்டுக்கு 220 வேலைநாள் என்றால் 64 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (பள்ளியின் பில்லில் உள்ள விகிதத்தைப் போட வேண்டும்) ஆண்டுக்குச் சுமார் 450 ரூபாய். புது ஃபேன் 3,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படியானால் நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம். ஆனால் கெட்டுப்போன ஃபேனுக்குப் பதிலாக எப்படியும் 1,800 ரூபாய்க்குச் சாதாரண ஃபேன் வாங்கத்தானே போகிறோம்? அங்கே கூடுதல் செலவு 1,200 மட்டும். அந்தச் சாதாரண ஃபேனும் 75 வாட் இழுப்பதாக இருந்தால் அது மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். ‘இனி வாங்குவதெல்லாம் பிஎல்டிசி, இருப்பது ஓடும்வரை ஓடட்டும்’ என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிக்கு 2,000 ரூபாய் போட்டால், நாளைக்கு ஒரு யூனிட் வீதம் ஆண்டுக்கு 220 யூனிட், 1,540 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பும். ஆய்வக யூபிஎஸ்ஸை முறையாக அணைக்க ஒரு பைசா செலவில்லை. தேவையில்லாமல் இரவும் பகலும் ஓடும் அந்த 100 வாட்டை நிறுத்தினால் கிடைக்கும் மிச்சம், பதின்மூன்று ஃபேன்களை மாற்றினாலும் கிடைக்காது. மின்கட்டணத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கான நிலைக்கட்டணம் தனியாக வரும். யூனிட் குறைந்தாலும் அது அப்படியே நிற்கும் என்பதையும் கணக்கில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்.

‘தொழில்நுட்ப அறிக்கையை அளிப்பதும்’

அளிப்பது என்றால் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். சிமென்ட் ஆலையில் நிர்வாகம் வாங்கிக்கொள்கிறது. பள்ளியில்? அறிவியல் கண்காட்சி முடிந்ததும் பல அறிக்கைகள் பீரோவுக்குள் போய்விடுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினரும் உட்காரும் அந்தக் கூட்டத்தில் இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று அறிக்கையைப் படிக்க வேண்டும், குழு அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நான்கு பக்கம் போதும். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு குறையும் என்ற வரியையும் சேர்க்கலாம். ஆனால் அந்த வரியை மட்டும் பெரிதாக எழுதிவிட்டு ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டால் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

‘நுகர்வைக் குறைப்பதற்கான செயல்திட்டம்’

யார், எதை, எந்தத் தேதிக்குள். ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்பது செயல்திட்டம் ஆகாது. ‘வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்ததும் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு நோட்டில் கையொப்பமிடும்’ என்றால் அது செயல்திட்டம். ஒன்பதாம் வகுப்பு பத்துக்குப் போனதும் நோட்டு யார் கைக்குப் போகும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பள்ளிகளில் நல்ல வேலைகள் பெரும்பாலும் அந்த ஜூன் மாதத்தில்தான் நின்றுபோகின்றன.

இதில் பிள்ளைகளால் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியின் மின்கட்டணம் அரசுப் பணத்தில் போகிறது. குறைத்தாலும் பள்ளிக்கு ஒரு ரூபாய் வராது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994-இல் இதற்கு ஒரு வழி கண்டது: பள்ளி மிச்சப்படுத்தும் தொகையில் பாதியை நகரம் வைத்துக்கொள்ளும், மறுபாதி பள்ளிக்கு. ‘பாதிக்குப் பாதி’ என்ற அந்த ஏற்பாடு பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பள்ளி தன் பாதியை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். நம் பள்ளிக் கல்வித் துறையும் ஓர் ஒன்றியத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். பெரம்பலூர் ஒன்றியத்திலேயே தொடங்கலாம். கடந்த மூன்று ஆண்டு பில்களின் சராசரியை அடிப்படையாக வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லின் நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆண்டு முடிவில் மிச்சத்தில் பாதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் சேர்க்க வேண்டும். பழுதான அடுத்த ஃபேனுக்குப் பதிலாக நல்ல ஃபேன் வாங்க அந்தப் பணம் போதும்.