"யாரிடம் கேட்பது அண்ணா?": இளைஞர்களும் வெரிகோசீலும்

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச் மாத விழாவைப் பற்றி எழுதப் போனபோது, கரையோரத்தில் கரைவலை இழுப்பவர்களின் வாடியொன்றில் இரண்டு நாட்கள் தங்கினேன். இரண்டாம் நாள் மாலை, 22 வயதுத் தம்பி ஒருவர் மற்றவர்கள் தேநீருக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்க பத்திரிகைக்காரர்தானே? இடதுபக்க விதைக்கு மேல புழு சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கு. வலை இழுத்தா பின்னேரம் பாரமா வலிக்குது. இது கேன்சரா? யாரிடம் கேட்கிறதெண்டே தெரியல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஏனென்றால் 24 வயதில் இதே கேள்வியை நானும் ஒரு வருடம் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். "புழு சுருண்டு கிடப்பது போல" என்றுதான் மருத்துவப் புத்தகங்களும் இதை வர்ணிக்கின்றன. பெயர் வெரிகோசீல். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்கள் புடைத்து வளைந்து கிடப்பதுதான் அது. சிலருக்குக் காலில் நரம்பு முடிச்சிட்டு நிற்குமே, ஏறக்குறைய அதே கதை.

நூறு ஆண்களை எடுத்தால் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும், பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வரும். வலது விதையின் நாளம் வயிற்றின் பெருநாளத்தில் சரிவாகப் போய்ச் சேருகிறது. இடது நாளமோ இன்னும் மேலே ஏறி, சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேருகிறது. நீண்ட வழி, அழுத்தமும் கூட. உள்ளே இருக்கும் வால்வுகள் சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே திரும்பித் தேங்கும். நின்றால் புடைக்கும், படுத்தால் அடங்கும். பாரம் தூக்கினால் வலி கூடலாம். ஆனால் அந்தத் தம்பி பயந்ததுபோல வலை இழுத்ததால் வந்த நோய் இது என்று சொல்ல முடியாது.

அவருடைய இன்னொரு பயம் புத்தளம் கரைக்கே உரியது. அப்பப்பாவுக்கு யானைக்கால் நோயால் விதைப்பை வீங்கியிருந்ததாம், வீட்டில் சொன்னால் அதுதான் என்பார்களாம். இலங்கையில் யானைக்கால் நோய் நிலைகொண்டிருந்த எட்டு மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அந்நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அந்த வீக்கம் விதையைச் சுற்றி நீர் சேர்வதால் வருவது. வெரிகோசீலில் நீர் இல்லை. குடலிறக்கமும் படுத்தால் அடங்கும் என்பதால் நாமாகத் தீர்மானிப்பது சரிவராது. வைத்தியர் நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் இருந்தால் டொப்ளர் ஸ்கேன்.

உடனே போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. விதையிலேயே கல் போன்ற கட்டி தட்டுப்பட்டால் தாமதிக்க வேண்டாம்; விதைப் புற்றுநோய் இளம் வயதில்தான் அதிகம் வருகிறது. வலப்பக்கம் மட்டும் புடைத்தாலோ, நடுவயதில் திடீரென வந்தாலோ, படுத்தும் அடங்காவிட்டாலோ வயிற்றுக்குள் நாளத்தை எதுவும் அழுத்துகிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். திடீரெனத் தாங்கமுடியாத வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி எல்லோரும் மனதுக்குள் கேட்கும் கேள்வி. இதனால் ஆண்மை போய்விடாது. எழுச்சிக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். குழந்தைப்பேறு வேறு விஷயம். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தை விட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பம் தேவை. தேங்கிய இரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது. வெரிகோசீல் உள்ள பெரும்பாலானோர் சாதாரணமாகவே தகப்பனாகிறார்கள். ஆனாலும் குழந்தை தாமதமாகிப் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பது கண்டறியப்படுகிறது.

தலவிலயில் பிள்ளை வரம் கேட்டு நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வந்தது. திருச்சபை மரபுக் கதையில், பிள்ளை இல்லையென்று கோவிலில் காணிக்கை மறுக்கப்பட்டு அவமானப்பட்டவர் அன்னம்மாள் அல்ல, அவரது கணவர் சுவக்கீன். நம் வீடுகளிலோ மனைவிக்கு எல்லா ஸ்கேனும் முடிந்த பிறகுதான் கணவனின் பேச்சே வரும். ஒரு விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும், ஊசிகூடக் கிடையாது. இதையே முதலில் செய்திருந்தால் எத்தனை பெண்களின் அலைச்சல் மிஞ்சியிருக்கும்!

வெரிகோசீல் இருந்தாலே கத்தி வைக்க வேண்டுமா? இல்லை. எனக்கு ஒரு தனியார் இடத்தில் "இந்தக் கிழமையே ஒப்பரேஷன்" என்றார்கள், பணமும் கட்டச் சொன்னார்கள். இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணர் விந்துப் பரிசோதனை எடுத்துப் பார்த்து, இரண்டு விதையும் ஒரே அளவு, விந்தணுவும் சரி, வருடத்துக்கொரு முறை வந்து காட்டினால் போதும் என்றார். பத்து வருடமாக அப்படியே இருக்கிறேன். தொடர்ந்து வலி இருந்தாலோ, குழந்தை தாமதமாகி விந்தணுவும் குறைந்திருந்தாலோ, பருவ வயதுப் பையனின் அந்தப் பக்க விதை மற்றதைவிட ஐந்திலொரு பங்கு சிறுத்துப் போனாலோதான் சத்திரசிகிச்சை பற்றிப் பேசவேண்டும். தொடை இடுக்கில் சிறு வெட்டுப் போட்டு, நுணுக்குக்காட்டியின் உதவியுடன் கெட்ட நாளங்களைக் கட்டிவிடும் முறையில் திரும்ப வரும் வாய்ப்பும் நீர் கோர்க்கும் வாய்ப்பும் குறைவு. விந்தணு முதிர இரண்டு மாதத்துக்கு மேல் எடுப்பதால், பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பார்ப்பார்கள். பலருக்கு முன்னேற்றம் வரும், எல்லோருக்கும் அல்ல. எண்ணெயோ இணையத்தில் விற்கும் குளிசையோ புடைத்த நாளத்தைச் சுருக்காது.

அரச வைத்தியசாலையில் இவை எல்லாம் இலவசம். தலவிலக்காரருக்குக் கற்பிட்டியோ புத்தளமோ கிட்ட. ஓபீடியில் காட்டி சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்கலாம். பெண் வைத்தியர் இருந்தால் என்ன செய்வது என்றார் தம்பி. அவருக்கு நீ அன்றைக்கு நாற்பதாவது ஆள் என்றேன்.

மூன்று கிழமை கழித்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. ஒப்பரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம். இறுக்கமான உள்ளாடை போட்டு வேலை செய்யச் சொன்னார்களாம், ஆறு மாதத்தில் திரும்ப வரவேண்டுமாம். அப்போதும் வலித்தால் செய்வார்களாம், பிறகு சில கிழமைகளுக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். "அப்ப கரைவலைக் காலம் முடிஞ்சிடும் அண்ணா, பிரச்சினையில்ல," என்றார்.