தராசும் தாய்மாரும்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கல்வியின் இடம், 1980–1997

தமிழ்நாட்டின் சத்துணவு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவிலிருந்து 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுக்கு நேரே வந்துவிடுகிறார்கள். இரண்டும் பெருஞ்செயல்கள்தாம். ஆனால் அவை தட்டேந்தி உட்காரும் வயதுப் பிள்ளைகளுக்கானவை. அந்த வயதை எட்டும் முன்பே, இடுப்பில் இருக்கும் பருவத்தில் தேய்ந்துபோகும் குழந்தையை முன்னிறுத்திய திட்டம், உலக வங்கிக் கடனுதவியுடன், 1980 அக்டோபரில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது.

அதன் வேர் 1970-களின் தொடக்கத்தில் இருக்கிறது. சிட்னி கேன்டர் குழுவினர் மாநிலத்தின் உணவு நிலையை ஆராய்ந்து 1973-இல் அறிக்கை அளித்தனர். தாய்ப்பாலோடு திட உணவும் தேவைப்படும் பருவத்துக் குழந்தைகளே அதிகம் நலிவதையும், அப்போதிருந்த உணவளிப்புத் திட்டங்கள் அவர்களை எட்டாததையும் அது காட்டியது. எனவே புதிய திட்டம் 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது.

ஒவ்வொரு ஊரிலும் சமூக ஊட்டச்சத்துப் பணியாளராக அவ்வூர்ப் பெண்ணே அமர்த்தப்பட்டார். எட்டாம் வகுப்பு அளவேனும் படித்தவர், இயன்றவரை தானும் ஒரு தாய், எளிய குடும்பத்தில் இருந்தும் பிள்ளையை நன்றாக வளர்த்தவர் என்று தேடினார்கள். திட்டத்தின் வெற்றிக்கு முதற்காரணம் இந்தத் தேர்வே என்பது என் துணிபு. சேனை வைக்கும் வழக்கமும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கமும், வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடும் வழக்கமும் வெளியூர் அதிகாரி சொல்லி மாறுபவை அல்ல. அடுத்த தெருவில் பிள்ளை வளர்த்தவர் சொன்னால் மாமியாரும் காது கொடுப்பார்.

மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். எடை போட்டால் கண்ணேறு படும் என்ற அச்சத்தைப் பேசிப் பேசித்தான் போக்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருந்தால் மெலிவு யார் கண்ணுக்கும் படாது, இயல்பாகவே தோன்றும். அட்டைக் கோடு அதைத் தாய்க்குக் காட்டியது. கோடு ஏறாமல் படுத்துவிட்டால் காய்ச்சலா, கழிச்சலா, வேலைக்குப் போன நேரத்தில் ஊட்ட ஆளில்லையா என்று தாயும் பணியாளரும் சேர்ந்து காரணம் தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் கோட்டைப் படித்தார்.

எடை ஏறாத குழந்தைக்கும் கடுமையாக நலிந்த குழந்தைக்கும் மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த சத்துருண்டை 90 நாள்களுக்குத் தரப்பட்டது. அந்நாள்களின் முடிவில் தேறியிருந்தால் நிறுத்தப்பட்டது. எல்லாருக்கும் கொடுக்காமல் சிலருக்கு மட்டும் கொடுப்பது கல்நெஞ்சம் என்று அன்றும் பேசப்பட்டிருக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. தேறிய பிள்ளையை வீட்டுச் சோற்றிலேயே தேறியபடி வைத்திருக்க முடியும் என்பதைத் தாய் கண்கூடாகக் கண்டது அந்த நிறுத்தத்தால்தான். ஊர்தோறும் அமைந்த மாதர் குழுக்களும் இந்தப் பாடத்தைப் பரப்பின. சில இடங்களில் உருண்டை பிடித்ததும் அவர்களே. வைட்டமின் ஏ, குடற்புழு நீக்கம், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவையும் உடன் சென்றன.

கடுமையான ஊட்டக்குறை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை மதிப்பீடுகள் உறுதிசெய்தன. நடுத்தரக் குறை அவ்வளவு எளிதில் அசையவில்லை. அதைக் குறிவைத்து 1990-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம், முன்பருவக் கல்வியையும் ஆறு வயது வரையிலான பிள்ளைகளையும் அதே பணியாளரின் பொறுப்பில் சேர்த்தது. வேலை பெருகியது, வீடுவீடாகச் சென்று பேசும் நேரம் சுருங்கியது. 1997-இல் திட்டம் முடிந்து, மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளோடு கலந்தன. தாய்க்குப் பாடமாக இருந்த எடைக்கோடு பல இடங்களில் பதிவேட்டுக் கணக்காகச் சுருங்கியதை இந்த மாற்றத்தின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 6 முதல் 59 மாதம் வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அரிசியும் முட்டையும் இன்று ஊர்களை எட்டுகின்றன; ஆகவே குறை உணவு வழங்கலில் மட்டும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டுச் சுமையைக் குறைத்து, தாயோடு உட்கார்ந்து பேசும் நேரத்தை அவருக்கு அரசு மீட்டுத் தர வேண்டும்.