பெய்லியும் பெட் றொக்கும்

பழைய கைச்சீவுளிகளைத் தேடி வாங்குவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். தமிழகத்தில் இழைப்புளி என வழங்கும் அதே கருவிதான். இவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் ஒரே காலத்தில் விற்ற இரு வரிசைகளுள், விலை கூடிய 'பெட் றொக்', சாதாரண 'பெய்லி'யைவிட உண்மையிலேயே சிறந்ததா என்பதே அது. இதற்கான விடை வரலாற்றில் இருக்கின்றது என நான் கருதுகின்றேன்.

மரக்கட்டையில் அலகைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கிய சீவுளியே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அலகை ஏற்றவும் இறக்கவும் சுத்தியலால் தட்டவேண்டும். லெனாட் பெய்லி என்பவர், சிறு சக்கரமொன்றைத் திருகியே அலகை ஏற்றி இறக்கக்கூடிய வார்ப்பிரும்புச் சீவுளியை வடிவமைத்தார். அவருடைய காப்புரிமைகளை 1869ஆம் ஆண்டில் ஸ்டான்லி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பெய்லியின் அமைப்பில், அலகைச் சாய்வாகத் தாங்கும் இரும்புத் தாங்கி அடித்தளத்தில் சில இடங்களில் மட்டுமே படிந்திருக்கும். கடினமான மரத்தில் அலகு அதிர்வதற்கு இதுவே காரணம் எனச் சொல்லப்பட்டது. 1895இல் ஜஸ்டஸ் ட்ரௌட் காப்புரிமை பெற்ற அமைப்பில் தாங்கியின் அடிப்பரப்பு முழுவதும் தளத்தோடு பொருந்தியது. அதுவே பெட் றொக். பெய்லியின் 4ஆம் இலக்கச் சீவுளிக்கு இணையானது இதில் 604 ஆகும். 1911இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், அலகைக் கழற்றாமலே தாங்கியை நகர்த்திச் சீவுளியின் வாயை ஒடுக்கவும் முடிந்தது.

ஆயினும் இவ்வசதிக்கு ஓர் எல்லை உண்டு. தாங்கி சரிவில் நகர்வதால், அதை முன்னே தள்ளும்போது அலகும் கீழிறங்கும். ஆழத்தை மீண்டும் சரிசெய்தாக வேண்டும். வாயை அடிக்கடி மாற்றும் தேவையும் தச்சருக்கு அரிதே. மரத்தைத் தொடும் அலகோ இரு வரிசைகளுக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் பெட் றொக்கின் புகழ் எங்கிருந்து வந்தது? 1940களின் முற்பகுதியில் அதன் உற்பத்தி நின்றுபோனது. பெய்லி தொடர்ந்தது. போருக்குப் பின்னர் மின்கருவிகள் பரவ, கைச்சீவுளிகளின் வார்ப்பும் வேலைப்பாடும் படிப்படியாகத் தாழ்ந்தன. அந்தத் தாழ்வின் பழி முழுவதும் பெய்லியின் பெயரில் விழுந்தது. முன்னரே மறைந்துவிட்ட பெட் றொக்கோ களங்கமின்றி நிலைத்தது. 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட லீ-நீல்சன் நிறுவனம் அதன் அமைப்பைத் தழுவி உயர்தரச் சீவுளிகளைச் செய்தமை அப்புகழை மேலும் வளர்த்தது.

ஆகவே, 1920களின் பெட் றொக்கை 1960களின் பெய்லியோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அதே காலத்துப் பெய்லியோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும். இன்று பெட் றொக்கிற்குக் கேட்கப்படும் கூடுதல் விலையில் பெரும்பகுதி அதன் அருமைக்கானது. சேகரிப்பவர் அதைக் கொடுக்கலாம். மரவேலை செய்ய விரும்புபவர் போருக்கு முந்திய நல்ல பெய்லி ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் தரமான சாணைக்கல் ஒன்றையும் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.