சி. பி. முத்தம்மா

சோனிரா பெல்லியப்பா முத்தம்மா (24 ஜனவரி 1924 – 14 அக்டோபர் 2009) இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அப்பணியிலிருந்து தூதராக உயர்ந்த முதல் பெண்ணும் அவரே. விஜயலட்சுமி பண்டிட் 1947இலேயே மாஸ்கோவில் தூதராக இருந்தார் என்றாலும் அது அரசியல் நியமனம். முத்தம்மா தேர்வெழுதி, அடிநிலையில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர்.

குடகின் விராஜ்பேட்டையில் பிறந்தார். வனத்துறை அதிகாரியான தந்தை இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக்கு வந்தார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டமும் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பெற்றார்.

1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஒத்துவராது என்று நேர்காணலில் அவரைத் திசைதிருப்பப் பார்த்தார்கள், அவர் இணங்கவில்லை. திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக எழுதிக் கொடுத்த பிறகே 1949இல் பணியில் சேர முடிந்தது. உடன் சேர்ந்த ஆண்கள் எவரிடமும் இப்படி எழுதி வாங்கவில்லை. பாரிஸ், ரங்கூன், லண்டன் ஆகிய நகரங்களிலும், டெல்லியில் பாகிஸ்தான், அமெரிக்கப் பிரிவுகளிலும் பணியாற்றினார். 1970இல் ஹங்கேரித் தூதரானார்.

அவர் பெயரைச் சட்ட நூல்களில் நிலைக்கவைத்தது ஒரு வழக்கு. பெண் அதிகாரி மணம் முடிக்க அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். 1961ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணி நடத்தை விதிகளில் 8(2) கூறியது இதைத்தான். மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது ஆட்சேர்ப்பு விதி 18(4). தகுதி போதாது என்று தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும், பணியில் இருந்துகொண்டே முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். அந்தத் துணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

விசாரணைக்கு முன்பாகவே பதவி உயர்வு வந்துவிட்டது. விதி 18(4) ஏற்கெனவே நீக்கப்பட்டது, 8(2)உம் நீக்கப்படுகிறது என்று அரசு தெரிவித்தது. 1979 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் சிக்கல் தீரவில்லை என்பதைத் தீர்ப்பே அழுத்திச் சொன்னது: மணமான பெண்ணுக்குக் குடும்பச் சுமை தடை என்றால் மணமான ஆணுக்கும் அது தடைதானே என்று கேட்டது, பணி விதிகளில் எஞ்சியிருக்கும் பாகுபாட்டைக் களையவும், முத்தம்மாவின் பணிமூப்பை மறுஆய்வு செய்யவும் அறிவுறுத்தியது. பாலினச் சமத்துவம் பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

கானாவிலும் நெதர்லாந்திலும் கூட தூதராக இருந்தார். 1982இல் ஓய்வுபெற்றார். ஸ்வீடனின் ஊலோஃப் பால்மே தலைமையிலான ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் இந்திய உறுப்பினராகவும் செயல்பட்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆட்சியமைப்பை விமர்சித்து அவர் எழுதிய கட்டுரைகள் 2003இல் நூலாயின. அதற்கு முன்பே, தம் ஊரின் பன்றிக் கறியையும் அரிசி நொய்யில் செய்யும் கடும்புட்டையும் மறவாமல், கொடவர் சமையலுக்கென்று ஒரு நூல் தந்திருந்தார். பெங்களூரில் காலமானார்.