எத்தனை அகத்தியர்?

அகத்தியர் என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருது? தமிழ் வாத்தியாரைக் கேட்டால் முதல் இலக்கணம் செய்தவர் என்பார். நாட்டு வைத்தியரிடம் கேட்டால் அகத்தியர் குழம்பு என்பார். நாடி சோதிடம் பார்க்கிறவருக்கு அவர் ஓலை எழுதின முனிவர். வர்மம் படித்த ஆசானுக்கு அடிமுறை சொல்லித்தந்த குரு. மாடு வளர்க்கிற என்னை மாதிரி ஆளுக்கு அகத்தி என்றால் அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கிற கீரை.

ஒரே பேர் எப்படி இத்தனை இடத்தில் வந்து உட்கார்ந்தது? நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தினவன்தான். ஆனாலும் பொதிகை மலையைத் தினமும் பார்த்துக்கிட்டு, அதிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணியில் நெல் போடுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனசில் கிடந்தது. படித்ததையும் கேட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

முதலில் இலக்கணம். தொல்காப்பியர் அகத்தியருடைய மாணவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க. ஆனால் தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தில் அகத்தியர் பேரே இல்லை. நூல் அரங்கேறிய சபையைச் சொல்கிறார், கேட்ட அதங்கோட்டு ஆசானைச் சொல்கிறார், குருவை மட்டும் சொல்லவில்லை. அகத்தியரை முதல் சங்கத்தில் உட்கார வைத்தது இறையனார் களவியல் உரை. அது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் வந்தது என்கிறார்கள். அந்த உரைப்படி முதல் சங்கம் 4,440 ஆண்டு, இரண்டாம் சங்கம் 3,700 ஆண்டு. இரண்டிலும் அகத்தியர் உண்டு. கூட்டிப் பாருங்க, 8,140 வருஷம் ஆகுது. ஒரு ஆள் அவ்வளவு காலம் இருந்தார் என்று வைப்பதைவிட, ஒரு பேர் அவ்வளவு காலம் ஓடினது என்று வைப்பது எனக்குச் சரியாகப் படுது.

சைவர் கதையில் அவர் சிவபெருமான் அனுப்பி வந்தவர். பதினோராம் நூற்றாண்டு வீரசோழியமோ பௌத்த நூல். அதில் அகத்தியர் தமிழைக் கேட்டுக்கொண்டது அவலோகிதரிடம். இரண்டு மதத்துக்காரர்களுக்கும் அவர் வேண்டியிருக்கிறார்.

அடுத்தது வானம். மாசி மாதம் ராத்திரி எட்டரை மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய் நேர் தெற்கே பாருங்க. அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே மூணில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் நிற்கும். ராத்திரி வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது அதுதான். மேல்நாட்டார் கனோபஸ் என்பார்கள், நம்ம நாட்டில் அதுக்கு அகத்தியர் என்று பேர். பரிபாடலின் பதினோராம் பாட்டில் பொதியில் முனிவர் வருவது இந்த நட்சத்திரமாகத்தான். களத்தில் சூடு காவலுக்குப் படுத்திருக்கிற நாளில் இது நடுச்சாமம் தாண்டி மலைப் பக்கம் சாய்வதைப் பார்க்கலாம்.

டெல்லியில் இந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம்தான் ஏறும். தெற்கே வர வர உசரும். வடக்கே இருந்த முனிவர் விந்திய மலையைத் தாழ்த்திவிட்டுத் தெற்கே வந்தார் என்ற கதைக்கும் இதுக்கும் நல்ல பொருத்தம் இருக்கு. வடநாட்டில் மழைக்காலம் முடிகிற சமயத்தில் விடிகாலையில் இது தெரிய ஆரம்பிக்கும், கலங்கின ஆற்றுத் தண்ணியும் அப்போதான் தெளியும். அதனால் அகத்தியர் உதித்தால் தண்ணீர் தெளியும் என்று எழுதி வைத்தார்கள். வராகமிகிரர் தன் பிருகத் சம்கிதையில் இந்த நட்சத்திரத்துக்கு ஒரு தனி அத்தியாயமே கொடுத்தார். 1964-ல் அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய மரைனர் 4 விண்கலமும் திசை மாறாமல் இருக்க சூரியனோடு இந்த நட்சத்திரத்தைத்தான் குறியாகப் பிடித்துக்கொண்டது.

கடல் தாண்டியும் இந்தப் பேர் போயிருக்கு. ஜாவாவில் தினோயோ என்ற ஊரில் கி.பி. 760-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்தது. மரத்தில் இருந்த பழைய அகத்தியர் உருவத்துக்குப் பதிலாகக் கஜயானன் என்ற ராஜா கருங்கல்லில் ஒன்று செய்து வைத்தான் என்று அதில் இருக்கு. பிரம்பானன் சிவன் கோயிலில் தெற்குப் பக்கச் சன்னதியில் நிற்பவரும் அகத்தியர்தான்.

அப்புறம் நம்ம அகத்தி மரம். வடமொழியிலும் இந்த மரத்துக்கு முனிவர் பேர்தான். கொடிக்கால் போடுகிறவர்கள் வெற்றிலைக் கொடி ஏற அகத்தியைத்தான் நடுவார்கள். சீக்கிரம் வளரும், நிழல் கொடுக்கும், பயறு வகை என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். மருந்து சாப்பிடுகிறவர்கள் அகத்திக்கீரை தின்னக்கூடாது, மருந்தை முறிச்சிடும் என்று எங்க ஆத்தா சொல்லும். மருந்துக்கு ஒரு அகத்தியர், மருந்தை முறிக்க ஒரு அகத்தி!

இப்போ வைத்தியத்துக்கு வாறேன். இந்தக் கட்டுரை எழுதினதே இதுக்காகத்தான். அகத்தியர் பேரில் வைத்திய நூல்கள் வரிசையாக இருக்கு. பரிபூரணம் 400, வைத்திய காவியம் 1500, வல்லாதி 600, நயன விதி என்று போகும். பழைய பாட்டு என்றால் என்னை மாதிரி ஆளுக்கு உரை இல்லாமல் ஒரு வரி ஓடாது. இந்த நூல்களோ பாதிக்கு மேல் தானாகவே புரியும். அவ்வளவு பிற்காலத் தமிழ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கே.என்.சிவராஜ பிள்ளை, தமிழ்நாட்டு அகத்தியரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, இந்தக் கதைகள் பிற்காலத்தில் வளர்ந்தவை என்று வாதாடினார்.

அதனால் அந்த நூல்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அதை எழுதினவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்த வைத்தியர்கள். தன் பேரைப் போட்டால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தோ, எல்லாம் குரு தந்தது என்ற பணிவிலோ அகத்தியர் பேரைப் போட்டார்கள். நெல்லிலும் இதே கதைதான். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி என்று நூற்றுக்கணக்கான ரகம் இருக்கே, எதிலாவது அதைப் பொறுக்கி எடுத்த சம்சாரி பேர் இருக்கா?

சிக்கல் என்னவென்றால், பேர் பெரிசானதும் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்க பங்காளி ஒருத்தருக்குச் சர்க்கரை. ‘அகத்தியர் அருளியது’ என்று செல்போனில் வந்த ஒரு கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினார். எட்டு மாசத்தில் கால் விரல் ரெண்டு போச்சு. எந்த நூல், எந்தப் பாட்டு, யார் சொன்னது என்று கேட்டேன். “அகத்தியரே சொல்லியிருக்காருலே, அதுக்கு மேல என்ன?” என்றார். அகத்தியர் குழம்பு நேர்வாளம் சேர்ந்த கடும் பேதி மருந்து. நேர்வாளத்தைச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆளைக் கொன்றுவிடும். அதை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பரம்பரை வைத்தியர்கள்தான். செய்தி அனுப்புகிறவருக்கு அது தெரியாது.

பேர் தெரியாதவர்களைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு அகத்தியர் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கு. 1987-ல் கேரளாவின் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்த விஞ்ஞானிகள் காணிக்காரர்களை வழிகாட்டியாக வைத்து மலை ஏறினார்கள். விஞ்ஞானிகள் மூச்சு வாங்க, காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதில் இருந்து ஜீவனி என்ற மருந்து செய்து, 1995-ல் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் தனி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாச்சு. 1997-ல் அதுக்கு ஒரு அறக்கட்டளையும் வந்தது. பங்கு எல்லாருக்கும் சரியாப் போனதா என்ற பேச்சு பிறகு எழுந்தது. ஆனாலும் ‘இது அகத்தியர் மூலிகை’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது, காசும் வந்திருக்காது.

பட்டணத்தில் இருக்கும் உங்களிடம் கேட்பது இதுதான். அகத்தியர் பேரில் ஏதாவது வந்தால் எந்த நூல், யார் பதிப்பித்தது, எந்த வைத்தியர் கையால் கொடுத்தது என்று ஒரு கேள்வி கேளுங்க. உங்க ஆச்சி சொன்ன கை வைத்தியம் இருந்தால், ஆச்சி பேரையும் ஊரையும் சேர்த்தே எழுதி வையுங்க. அதையும் அகத்தியர் கணக்கில் எழுதிடாதீங்க. அவர் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கு.